பெட்ரோல் முள்ளும் மீட்டரம்மாவும்

மீட்டரம்மாவிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகைக்கும் அதே கதிதான். முன்னால் பிள்ளையாரும் மணமக்கள் பெயரும் முகூர்த்த நேரமும் காத்துக்கொண்டிருக்க, பின்னால் எந்த அச்சகம் என்று படித்துவிட்டுத்தான் முன்பக்கம் வருவார். ஏனம்மா இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "முன்னாடி இருக்கிறது காட்டுறதுக்கு சார். சேதி பின்னாடி இருக்கும்" என்றார். அன்று அவர் கையில் இருந்தது என் பெண்ணின் காதுகுத்துப் பத்திரிகை. அதன் பின்பக்கத்தில் என்ன சேதி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நாங்கள் வேலை பார்த்தது சிகந்தராபாத்தை ஒட்டி இருந்த ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில். எழுபதுகள். அளவுக் கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் ஆறு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண்ணை ஜெனரல் மேனேஜரிலிருந்து காண்டீனில் டம்ளர் கழுவுகிறவர் வரை எல்லோரும் மீட்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், "என் பேரு கைக்கு சார், நடந்ததை எழுதுங்க" என்று சொல்லக்கூடியவர்.

கைக்கு என்றால் எதுக்கு. அவர் வீட்டார் வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு வந்து லாலாகுடாவில் தங்கிவிட்டவர்கள். கணவரும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர்தான். வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் மூன்று தலைமுறை அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்த தமிழ். ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ. நான் திருநெல்வேலிக்காரன். வந்த புதிதில் அவர் பேச்சு எனக்கு எரிச்சலாக இருக்கும், என் பேச்சைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். தொழிற்சாலை பஸ்ஸில் பக்கத்து இருக்கை கிடைத்ததால் மெல்ல மெல்ல இரண்டும் பழகிவிட்டது.

எங்கள் தொழிற்சாலையில் 'கண்டம்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு பொருள் இனி உதவாது என்று முடிவானால் சிவப்பு அட்டை கட்டி, கையெழுத்துப் போட்டு, பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். அதுதான் கண்டம் பண்ணுவது. மற்றவர்கள் காலையில் வந்த மீட்டருக்குச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அட்டை கட்டி முடித்துவிடுவார்கள். மீட்டரம்மா மட்டும் லேசில் கையெழுத்துப் போட மாட்டார். அவருடைய மேஜைக்கு அடியில் அனுப்பப்படாத மீட்டர்கள் குவிந்து கிடக்கும். அவருடைய மேலதிகாரி என்னிடம் வந்து புலம்புவார். "சொன்னா கேக்குற பொம்பளையா இது? செத்த மீட்டருக்கு நாடி பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு." புலம்பலில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் குவியலில் பாதிக்கு மேல் பத்து நாளில் எழுந்து உட்கார்ந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கோளாறு தெரிகிற இடம் ஒன்று, இருக்கிற இடம் வேறொன்று என்பது அவருடைய கட்சி.

இந்தக் கட்சியை அவர் மீட்டரோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அவர் தங்கைக்கு ஒரு நல்ல வரன் வந்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று தட்டிப்போனது. வீட்டில் எல்லோரும் ஜோசியரைத் திட்டினார்கள். மீட்டரம்மா, தங்கை பிறந்த நேரத்தை எந்தக் கடிகாரத்தில் பார்த்தார்கள் என்று விசாரித்தார். பிரசவம் வீட்டில்தான் நடந்தது. அப்போது அவர்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. அத்தை ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாராம். மீட்டரம்மா அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடிப் போனார். அவர் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "டூட்டிக்கு லேட் ஆகக் கூடாதுன்னு எப்பவும் இருபது நிமிஷம் முன்னாடி வெச்சிருப்பேன்மா" என்றார் அந்த மனிதர். லாலாகுடாவில் பாதி வீட்டுக் கடிகாரங்கள் அப்படித்தான் ஓடின. இருபது நிமிஷத்தைக் கழித்து ஜாதகத்தைத் திரும்பக் கணித்தார்கள். பொருந்தியது. "ஜோசியர் மேல ஒரு தப்பும் இல்லே சார். அவர்கிட்ட சொன்னதை வெச்சுத்தானே அவர் சொல்லுவார்" என்று பஸ்ஸில் எனக்குச் சொன்னார்.

எப்போதும் அவர் ஜெயித்தார் என்று நினைக்க வேண்டாம். லோத்குண்டாவில் என் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். என் மனைவி பால்மானியைப் பாலில் போட்டுக் காட்டி, "பாருங்கக்கா, பச்சைத் தண்ணியக் கொண்டாந்து ஊத்திட்டுப் போறான்" என்று பால்காரனைப் பற்றி முறையிட்டாள். "பால்மானி சரியான்னு பார்த்தீங்களா?" என்று மீட்டரம்மா கேட்டார். அத்தோடு விட்டாரா. அதை வாங்கிக்கொண்டு போய் ஒரு வாரம் தண்ணீரில் போட்டார், உப்புத் தண்ணீரில் போட்டார், வெந்நீரில் போட்டார். அடுத்த ஞாயிறு கொண்டுவந்து கொடுத்தார். "பால்மானி நல்லா இருக்கு. பால்காரன்தான்." அதில் அவருக்கு வெட்கமோ வருத்தமோ ஒன்றும் இல்லை. அந்த ஒரு வாரமும் நாங்கள் தண்ணீர்க் காபிதான் குடித்தோம். அதன் பிறகு பல நாள் அவரைக் கேலி செய்ய எனக்குப் பால்காரன் கதை போதுமானதாக இருந்தது.

நான் அப்போது போக்குவரத்துப் பிரிவில் அதிகாரி. ஒரு வருஷம் டில்லியிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று உத்தரவு வந்தது. எங்களைப் போன்ற இடங்களில் பெரிய மனிதர் வருகிறார் என்றால் முதல் வேலை வர்ணம் அடிப்பது. மரத்துக்குக் காவி, கல்லுக்குச் சுண்ணாம்பு, இரும்புக்கு எனாமல். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டாலும் தொட்டிக்கு இரண்டு கோட்டு விழும். அவரைப் பேகம்பேட் விமான நிலையத்திலிருந்து அழைத்துவர ஒரு பழைய கார் இருந்தது. அதன் பெட்ரோல் டாங்க் டிக்கிக்குள் துருப்பிடித்துத் தெரியும். பெரிய மனிதரின் பெட்டியை வைக்கிற இடம் அல்லவா. டாங்கைக் கழற்றி, மூன்று கோட்டுக் கறுப்பு எனாமல் அடித்துத் திரும்ப மாட்டினார்கள். உத்தரவு என்னுடையது. வந்தவர் டிக்கிப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

அந்தக் காரை ஓட்டியவர் யாதகிரி. ஆறு வருஷமாகத் தினக்கூலி. நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியலில் அந்த மாதம்தான் அவர் பெயர் ஏறியிருந்தது. நிரந்தரம் ஆனால் குவார்ட்டர்ஸ் உண்டு, மருத்துவ வசதி உண்டு, நாளைக்கு வேலை இருக்குமா என்ற கேள்வி இல்லை. எங்கள் தமிழ் அதிகாரிகளை ஏற்றி இறக்கியே கொஞ்சம் தமிழ் பேசக் கற்றிருந்தார். பேச்சு மிகக் குறைவு.

அதே சமயம் பாதுகாப்புப் பிரிவுக்கு ராணுவத்தில் இருந்த ஒருவர் புதிதாக அதிகாரியாக வந்தார். வந்தவுடன் புதிதாக எதையாவது செய்தாக வேண்டுமே. வண்டி கேட்டைத் தாண்டும்போதும் திரும்பும்போதும் பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று காவலாளி குனிந்து பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றார். மூன்று வாரம் எழுதினார்கள். யாதகிரியின் கார் பேகம்பேட்டுக்குப் போகும்போது முக்கால், திரும்பும்போது கால். மற்ற வண்டிகள் எல்லாம் ஒழுங்கு. பாதுகாப்பு அதிகாரி பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

நான் ஒன்றும் அவசரப்படவில்லை என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். காராஜ் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பெட்ரோல் மீட்டரைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டச் சொன்னேன். புதியதும் அதே கால்தான் காட்டியது. ஆக மீட்டரில் கோளாறு இல்லை, பெட்ரோல் வழியில் எங்கோ இறங்குகிறது என்று முடிவு கட்டினேன். யாதகிரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் எடுக்கலே சார். தேவுடு இருக்காரு" என்று கடவுளைச் சொன்னதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது எனக்குக் குற்றமாகப் பட்டது. 'பெட்ரோல் குறைவுக்குத் திருப்தியான விளக்கம் இல்லை' என்று குறிப்பு எழுதிப் பணியாளர் பிரிவுக்கு அனுப்பினேன். யாதகிரியிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னோம். திங்கட்கிழமை பட்டியல் முடிவாகும்போது அவர் பெயர் அடிபட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை மீட்டரம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் காரிலிருந்து கழற்றிய பழைய மீட்டர். அதில் சிவப்பு அட்டை தொங்கியது.

"சார், இதை கைக்குக் கழட்டினாங்க?"

"அது சரியா காட்டலம்மா. புதுசு மாட்டியாச்சு."

"நல்லா இருக்கு சார். மூணு தடவை பார்த்துட்டேன். புதுசு என்ன காட்டுது?"

"அதுவும் அதையேதான் காட்டுது. அதனாலதான் சொல்லுதேன், கோளாறு மீட்டர்ல இல்ல, ஆள்ல இருக்கு." நான் இதைச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். "முள்ளு என்ன சார் பண்ணும்? டாங்குக்குள்ள மிதவை இருக்கு. பெட்ரோல் எவ்வளவுன்னு அதுலேர்ந்து ஒரு வயர்ல சேதி வருது. அங்கேர்ந்து தப்பா வந்தா, பத்து மீட்டர் மாட்டினாலும் பத்தும் ஒரே தப்பைத்தான் சொல்லும். நீங்க ரெண்டு சாட்சி விசாரிக்கலே. ஒரே சாட்சியை ரெண்டு தடவை விசாரிச்சிருக்கீங்க."

"பால்காரன் கதையாயிரப் போகுதும்மா."

"ஆனா ஆகட்டும். பார்த்துட்டு ஆகட்டும்."

எழுந்து அவர் பின்னால் போனேன். அவர் காரிடம் போகவில்லை. நேரே வேப்பமரத்தடிக்குப் போனார்.

"யாதகிரி, பங்க்ல பெட்ரோல் ஊத்துறப்போ எப்பவாவது வழிஞ்சுதா?"

யாதகிரி முதலில் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். "ஹவ் அம்மா. ரெண்டு தடவை. டாங்க் காலின்னு முள்ளு சொல்லுது, ஊத்தினா மேல வழியுது."

"சார்கிட்ட ஏன் சொல்லலே?"

"வழிஞ்ச பெட்ரோலுக்கும் நான்தானே பதில் சொல்லணும்."

பெட்ரோல் திருட்டுப்போன டாங்கில் ஊற்றினால் ஏன் வழிய வேண்டும்? இந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார், அப்படிப்பட்ட முகத்தோடுதான் நான் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

காராஜ் முற்றத்தில் கார் நின்றது. பாதுகாப்பு அதிகாரியும் வந்துவிட்டார். மீட்டரம்மா டிக்கியைத் திறக்கும் முன் அவரைப் பார்த்து, "சார், சிகரெட்டை அந்தக் கடைசிக்குப் போய் அணைச்சுட்டு வாங்க. பெட்ரோல்" என்றார். ராணுவத்தில் எத்தனை பேரை அதட்டியிருப்பாரோ, மறுபேச்சில்லாமல் போய் அணைத்துவிட்டு வந்தார். அடுத்து, முள்ளைப் பார்த்துச் சொல்ல ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் வேண்டும் என்றார் மீட்டரம்மா. யாதகிரியை உட்காரச் சொன்னார்.

"விசாரணையில் இருக்கிற ஆள் வண்டியைத் தொடக் கூடாது" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"சாவியை நீங்களே போடுங்க. அவர் தொட வேண்டாம். கண்ணால பார்த்துச் சொல்லட்டும்."

யாதகிரி உட்கார்ந்தார். பாதுகாப்பு அதிகாரி ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டார். டிக்கியில் டாங்க் கறுப்பாக மின்னியது. மீட்டரம்மா புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். சாவி அணைந்திருக்கும்போதுதான் வயரில் கை வைத்தார். முதலில் டாங்கிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போடச் சொன்னார். முள் அடியில் கிடப்பதாக யாதகிரி சொன்னார். அணைக்கச் சொல்லி, அந்த வயரைக் கார் உடம்பின் வெறும் இரும்பில் மாட்டிவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார்.

"ஏறுது அம்மா. அரை. இன்னும் ஏறுது."

"போதும், அணைங்க. ரொம்ப நேரம் விட்டா மீட்டர் கருகும்." என் பக்கம் திரும்பினார். "மீட்டர் நல்லது. வயர் நல்லது. இனி டாங்க்தான்."

வயரை அதன் இடத்திலேயே மாட்டினார். முள் பழையபடி காலுக்கும் கீழே. டாங்கின் மேல் மிதவையைப் பிடித்திருக்கும் வட்டத் தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தகடு, திருகாணி, டாங்கைப் பிடித்திருக்கும் பட்டை எல்லாவற்றின் மேலும் எனாமல் வழவழவென்று ஓடியிருந்தது. பையிலிருந்து பிளேடை எடுத்துத் தகட்டின் ஓரத்தில் வர்ணத்தைக் கீறிச் சுரண்டினார். இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு வயரை எடுத்தார். ஒரு முனையைச் சுரண்டிய இடத்தில் மாட்டினார், மறு முனையைக் கார் உடம்பில் ஒரு போல்ட்டில் மாட்டினார்.

"சாவி போடுங்க சார்."

அந்த வகை மீட்டரில் முள் சட்டென்று ஏறாது. மெதுவாகத்தான் ஏறும்.

"கால்" என்றார் யாதகிரி. சற்றுப் பொறுத்து, "அரை." பாதுகாப்பு அதிகாரி உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "அரைக்கு மேல். முக்காலை நெருங்கி நிற்கிறது."

மீட்டரம்மா அணைக்கச் சொல்லிக் கிளிப்பைக் கழற்றினார். முள் இறங்கியது. திரும்ப மாட்டினார். ஏறியது. மூன்று முறை செய்தார். ஒருமுறை போதாதா என்று நான் கேட்டிருக்கலாம், ஆனால் அந்த ஏற்றத்தை இன்னும் நூறு முறை பார்க்கவும் எனக்கு அன்று ஆட்சேபம் இல்லை.

"எர்த் இல்லே சார்" என்றார் நிமிர்ந்து. "டாங்க் கார் உடம்பைத் தொட்டாத்தான் சேதி முழுசாப் போகும். நடுவுல மூணு கோட்டுப் பெயிண்ட் இருக்கு. எங்கயோ ஒரு கீறல்ல கொஞ்சமாத் தொட்டுக்கிட்டு இருக்கு. ரோட்டுல குலுங்கினா அதுவும் விடுது. போறப்போ முக்கால், வர்றப்போ கால். பெட்ரோல் எங்கயும் போகலே." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "இதுக்கு யாரு சார் பெயிண்ட் அடிக்கச் சொன்னாங்க?"

"நான்தான்" என்றேன்.

அவர் திரும்பவும் டாங்கின் மேல் குனிந்தார். தகட்டைச் சுற்றி வர்ணத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திருகாணிக்கடியில் ஒரு வயரை வைத்து முறுக்கி, அதைக் கார் உடம்போடு இணைத்தார். துருப்பிடிக்காமலிருக்க மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். முழு வேலைக்கும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அறைக்கு வந்து குறிப்பு எழுதினேன். எங்கள் இடத்தில் எழுதி அனுப்பிய குறிப்பைத் திரும்ப எடுக்க முடியாது. அதன் மேல் இன்னொன்றுதான் வைக்க முடியும். 'மின் இணைப்பில் இருந்த சிறு குறைபாடு நீக்கப்பட்டது. ஆகவே முந்தைய குறிப்பை மறுபரிசீலனை செய்யலாம்' என்று ஆங்கிலத்தில் நறுக்கென்று எழுதி, சோதித்தவர் என்ற முறையில் மீட்டரம்மாவின் கையெழுத்துக்கு நீட்டினேன். வழக்கம்போல் தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு படித்தார். பேனாவை மூடிவிட்டார்.

"நக்கோ சார். இதுல வயரைப் பத்தி இருக்கு. அவரைப் பத்தி எங்க இருக்கு?"

"படிக்கிறவங்க புரிஞ்சுக்கிடுவாங்கம்மா."

"புரிஞ்சுக்கிட்டா சரி. இல்லேன்னா அவர் வீட்டுக்குப் போவார் சார். நீங்க போக மாட்டீங்க."

எனக்குக் கோபம் வந்தது. நான் அதிகாரி, அவர் டெக்னீஷியன். என் பதவி உயர்வும் அந்த வருஷம்தான் இருந்தது. போங்க, நான் பார்த்துக்கிடுதேன் என்று சொல்லி அனுப்பியிருக்க முடியும். அவர் நின்ற நிற்பைப் பார்த்தால், அனுப்பினாலும் நாற்பது நாள் அந்தத் தாளை மேஜைக்கடியில் வைத்திருப்பார் என்று தோன்றியது. வேறு தாள் எடுத்தேன். 'டிரைவர் யாதகிரி பெட்ரோல் எடுக்கவில்லை. டாங்குக்கு வர்ணம் பூசச் சொன்னது நான். அதனால்தான் முள் தவறாகக் காட்டியது. சோதித்துப் பார்க்காமல் அவர் மீது குறிப்பு எழுதியதும் நான்.' எழுதி முடித்தபோது என் காது சுட்டது. ஆனால் மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த என்னவோ ஒன்று இறங்கியதையும் சொல்ல வேண்டும். மீட்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை பணியாளர் பிரிவுத் தலைவர் போனில் கூப்பிட்டார். "என்னய்யா இது, இப்படியெல்லாம் யாராவது பைலில் எழுதுவாங்களா?" என்று சிரித்தார். சாயந்திரம் பட்டியல் வெளியானது. பதினோராவது பெயர் யாதகிரி. நான் மரத்தடிக்குப் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு, "தப்பு என்னோடதுப்பா, மனசுல வெச்சுக்காதே" என்றேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அது எனக்கு உறுத்தியது.

நான் பிற்பாடு மாற்றலாகிப் பெங்களூர் போய்விட்டேன். மீட்டரம்மா ஓய்வு பெற்ற செய்தி மட்டும் வந்தது. இப்போது எங்கே இருக்கிறாரோ. அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் பட்டியல் வந்த மறுநாள், அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முதலில் ஞாபகம் வருகிறது.

அன்று பேகம்பேட்டில் ஓர் அலுவலகத்துக்கு நான் போக வேண்டியிருந்தது. அதே இடத்துக்குப் பழுது பார்த்த மீட்டர்களைக் கொண்டுபோக மீட்டரம்மாவும் வந்தார். பின் இருக்கையில் மடியில் அட்டைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். யாதகிரி ஓட்டினார். நிரந்தர ஊழியராக அவர் வண்டியை வெளியே எடுத்த முதல் நாள். கேட்டில் காவலாளி எங்களைப் பார்த்ததும், விஷயம் தெரிந்தவர் அல்லவா, முள்ளைப் பார்க்காமலேயே தடுப்பைத் தூக்கிப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

யாதகிரி வண்டியை எடுக்கவில்லை.

"வந்து பார்த்து எழுது" என்றார்.

"வேண்டாம்ப்பா, சங்கடமா இருக்கு. நீ போ" என்று காவலாளி தெலுங்கில் சொல்லிச் சிரித்தார்.

"மூணு வாரம் எழுதினே இல்லே. இன்னிக்கும் எழுது."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. நான் பத்து மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும். "யாதகிரி, நேரமாகுது, போலாம்ப்பா" என்று முன்னால் சாய்ந்தேன். மீட்டரம்மா என் சட்டைக் கையைத் தொட்டார்.

"இருங்க சார். அவர் எழுதட்டும்."

காவலாளி பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தார். குனிந்து முள்ளைப் பார்த்தார். முக்கால் என்று எழுதினார். யாதகிரி ஜன்னல் வழியாக எட்டி அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கியரைப் போட்டார்.